வந்த நாட்டில் வீட்டுக்கல்வி: எந்தத் தளம், எந்த வரிசை, எங்கே சறுக்கும்

வெளிநாடு வந்து சில மாதங்களே ஆகின்றன. 12 வயது மகனையும் 7 வயது மகளையும் வீட்டிலேயே படிக்கவைக்க நினைக்கிறீர்கள். இணையத்தில் எந்தத் தளங்களை நம்பலாம், பாடத்திட்டமே இல்லாமல் பிள்ளையின் போக்கில் விடும் அன்ஸ்கூலிங் ஒத்துவருமா, நாளைக்குக் கல்லூரி என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் தளங்களுக்கு முன்னால் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனி என்றால் இந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அங்கே பள்ளிக்கூடம் போவதே கட்டாயம். வீட்டில் நன்றாகப் படிக்கிறான் என்ற வாதம் எடுபடாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன பெற்றோருக்கும் 2006இல் சாதகமான முடிவு வரவில்லை. சுவீடனில் 2011 முதல் நடைமுறையில் இருக்கும் பள்ளிச் சட்டம் மிக அரிதான சூழ்நிலைக்கு மட்டுமே இடம் தருகிறது. பிரான்சில் முன்பெல்லாம் தெரிவித்தாலே போதும். 2022 கல்வியாண்டிலிருந்து முன்அனுமதி வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் கன்டோனுக்குக் கன்டோன் (அங்கத்திய மாநிலம்) விதி மாறும். இங்கிலாந்தில் பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வி, பள்ளியிலோ வேறு வழியிலோ கிடைக்கச் செய்வது பெற்றோர் கடமை என்று 1996 கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்டாரியோவில் பள்ளி வாரியத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கடிதம் கொடுப்பது வழக்கம். டெக்சாஸில் பதிவு எதுவும் இல்லை. நியூயார்க் மாநிலத்திலோ அறிவிப்பு, பாடத்திட்டம், காலாண்டு அறிக்கை, ஆண்டு மதிப்பீடு எல்லாம் உண்டு. 6ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரமும், அதற்கு மேல் 990 மணி நேரமும் கணக்குக் காட்ட வேண்டும்.

கட்டாயக் கல்வி விதி பொதுவாகக் குடியுரிமை பார்ப்பதில்லை. பெற்றோரின் வேலை விசாவோடு வந்த பிள்ளைக்கும் அதுவே. புதிதாக வந்தவர்கள் அதிகம் இடறுவது ஓர் இடத்தில்தான்: பள்ளியில் பெயர் பதிந்துவிட்டு, எழுத்தில் விலகாமலே பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களெல்லாம் காரணமில்லாத வராமையாகப் பதிவாகி, அபராதக் கடிதம் வரை போகும். முதலில் அந்த ஊர் விதிப்படி கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். கிடைத்தது என்ற பதிலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளையை நிறுத்துவது. சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் பல இடங்களில் தனி ஒப்புதல் வேண்டும்.

இனி தளங்கள். நூறு தளங்களின் பட்டியலைத் தேடாதீர்கள். கணக்குக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று. இவை மூன்றும் மூன்று மாதம் ஓடட்டும். ஒரே வாரத்தில் எட்டுத் தளங்களில் கணக்குத் திறந்த பிள்ளை, எல்லாவற்றிலும் முதல் பாடத்தை மட்டுமே முடித்திருக்கும்.

கணக்குக்கு கான் அகாடமியைத் தாராளமாக நம்பலாம். இலவசம், விளம்பரம் கிடையாது. 13 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் கணக்கின் வழியாகத்தான் திறக்க வேண்டும். முன்னேற்றத்தைப் பார்க்கவும் உங்களுக்கு அதுதான் வசதி. மகன் ஊரில் 7ஆம் வகுப்பு முடித்திருந்தாலும் நேராக 8ஆம் வகுப்பில் இறக்காதீர்கள். இரண்டு வகுப்பு கீழே போய், அந்த வகுப்பின் 30 கேள்விப் பொதுச் சோதனையை (கோர்ஸ் சாலஞ்ச்) எழுதச் சொல்லுங்கள். இது பிள்ளையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அல்ல. அமெரிக்கப் பாடவரிசையில் புள்ளியியலும் விகிதமும் வரும் இடம் நம் வரிசையிலிருந்து வேறுபடும். அந்த ஓட்டைகள் இந்தச் சோதனையில் உடனே தெரிந்துவிடும்.

தப்பிய கேள்விகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எண்களாக மட்டும் கொடுத்தால் போட்டுவிடுகிறானா, வாக்கியக் கணக்கில் மட்டும் விழுகிறானா? இரண்டாவது என்றால் அது கணக்குக் குறை இல்லை, ஆங்கிலக் குறை. கேள்வியைத் தமிழில் அவன் வாயால் திரும்பச் சொல்லவைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். சில வாரங்களில் ஆங்கிலச் சொற்றொடர்கள் பிடிபட்டுவிடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், கெட்டிக்காரப் பிள்ளைகளை இரண்டு ஆண்டு கீழே உட்காரவைத்துச் சலிப்பூட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, கான் அகாடமியில் ஒரு பயிற்சியை அன்றைக்கே சரியாகப் போட்டால் 'தேர்ச்சி' நிலை வரை ஏறும். கடைசி நிலை, அலகுத் தேர்விலோ பொதுச் சோதனையிலோ மறுபடி சரியாகப் போட்டால்தான் கிடைக்கும். அலகுத் தேர்வை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். அப்போதும் நின்றால்தான் கற்றது. காணொளியை ஒரே மூச்சில் ஓடவிடாமல், நிறுத்தி நிறுத்தி, தாளில் பென்சிலால் போட்ட பிறகு விடையைத் தட்டச் சொல்லுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் குத்துமதிப்பாக அழுத்தும் பழக்கம் தாளில்லாமல் போவதால்தான் வருகிறது. இதெல்லாம் எளிது என்று மகன் ஓடினால், ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங் தரும் இலவச அல்குமஸ் பயிற்சிக்கு மாற்றுங்கள். அங்கே ஒரே கேள்வியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டிவரும், அந்தப் பழக்கம் அவனுக்கு மிக நல்லது.

மகளுக்கு கான் அகாடமி கிட்ஸ் என்ற தனிச் செயலி. 2 முதல் 8 வயது வரை. அதிலும் கட்டணமில்லை. நிரலாக்கத்துக்கு அவளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் (5 முதல் 7 வயது), மகனுக்கு எம்.ஐ.டி 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச். அதை இணையமில்லாமல் கணினியில் நிறுவியும் ஓட்டலாம். மற்றவர்களின் கருத்துரைகள் வேண்டாம் என்றால் அதுவே வழி.

வாசிப்புக்கு முதலில் செய்ய வேண்டியது ஊர்ப் பொது நூலக அட்டை வாங்குவது. பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் போதும் என்பதே பெரும்பாலான இடங்களின் நிலை. அந்த அட்டை எண்ணை லிபி செயலியில் இட்டால் மின்னூலும் ஒலிநூலும் வீட்டுக்கே வரும். தவணை முடிந்ததும் தானே திரும்பிப் போய்விடும். பல நூலகங்கள் கலைக்களஞ்சியம், மொழிப்பாடம், சில இடங்களில் வீட்டுப்பாட உதவிகூட அந்த அட்டையிலேயே தருகின்றன. காசு கட்டி வாங்கத் துணியும் எதையும் முதலில் நூலகத் தளத்தில் தேடிப் பாருங்கள். காப்புரிமை முடிந்த பழைய நூல்களுக்கு புராஜெக்ட் குட்டன்பர்க், அவற்றைத் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுக்கு லிப்ரிவாக்ஸ்.

அறிவியலில், திரையிலேயே சோதனை செய்துபார்க்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் மாதிரிகளுக்கு ஈடானது குறைவு. பல மாதிரிகள் தமிழிலும் இருக்கின்றன. விளையாடவிட்டால் பிள்ளை பத்து நிமிடத்தில் எல்லாப் பொத்தானையும் இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிடும். அதனால் முதலில் ஊகம், பிறகு சோதனை. மின்சுற்று மாதிரியைத் திறந்து ஒரு மின்கலம், ஒரு பல்பு இணையுங்கள். அதே வரிசையில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் வெளிச்சம் என்ன ஆகும் என்று இருவரும் எழுதிவைக்கட்டும். சேர்த்துப் பாருங்கள்: இரண்டும் மங்கும். அடுத்து அதே பல்பைப் பக்க இணைப்பில் போடுங்கள்: இரண்டும் பழைய வெளிச்சத்திலேயே எரியும். மின்கலத்தின் உள்மின்தடையைச் சுழியத்தில் வைக்க மறந்தால் பக்க இணைப்பிலும் சற்று மங்கும். ஏன் என்பது மகனுக்கு அடுத்த கேள்வி.

நேரலை வகுப்பு வேண்டுமென்றால் அவுட்ஸ்கூல் போன்ற கட்டணத் தளங்கள் உண்டு. அங்கே ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனி, தரமும் ஆளைப் பொறுத்தது. பருவம் முழுக்க நடக்கும் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அதே ஆசிரியரின் ஒருநாள் வகுப்பை எடுத்துப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் முழுமையான இலவசப் பாடத்திட்டங்கள் சில (ஈஸி பீஸி, ஆம்பிள்சைடு ஆன்லைன்) அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்களுக்காக உருவாக்கியவை. வரலாறும் வாசிப்பும் செழிப்பாக இருக்கும். பரிணாமம், பூமியின் வயது போன்ற அறிவியல் பகுதிகளை நீங்களே ஒருமுறை படித்துவிட்டு எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

அன்ஸ்கூலிங் பற்றி. அந்தப் பெயர் 1970களில் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் பரப்பியது. பிள்ளையின் ஆர்வமே பாடத்தின் வாசல் என்பது அதன் அடிப்படை. எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் கூடவே உட்காரப் பெரியவர் ஒருவர் இருந்தால்தான் அது நடக்கும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, பிள்ளை கைக்கணினியோடு தனியே இருப்பதற்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. முறையாகச் செய்தால் எப்படி விரியும் என்பதற்குப் பறவைகள் நல்ல உதாரணம். வந்த நாட்டில் எல்லாமே புதுப் பறவைகள். கார்னெல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்லும். பார்த்ததை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் நாள், இடம், எண்ணிக்கையோடு பதிந்தால் மாதக் கணக்கு வரைபடமாகும், அது புள்ளியியல். எங்கிருந்து வலசை வந்தது என்பது புவியியல். குறிப்பெழுதுவது மொழிப்பயிற்சி. மகளுக்கு சீக் செயலி பொருத்தம். கணக்குத் திறக்காமலே செடியையும் பூச்சியையும் அடையாளம் காட்டும். பார்த்த உயிரினங்களைப் பொதுவில் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் உங்கள் பெயரில் பதிவதானால் இடத்தை மறைக்கும் தெரிவை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுத் தோட்டம் வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும்.

கணக்கை மட்டும் பிள்ளையின் போக்கில் விட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பின்னத்தில் விட்ட இடைவெளி இயற்கணிதத்தில் வந்து நிற்கும்; 15 வயதில் அதை நிரப்புவது பெரும் பாடு. நாளுக்கு 30 முதல் 40 நிமிடம் கணக்கு, மிச்சமெல்லாம் ஆர்வத்தின் வழி என்று வைத்தால் இரண்டும் நடக்கும். புது நாட்டில் பிள்ளைக்குப் பேசவும் ஆள் வேண்டும். நூலக வாசிப்பு வட்டம், விளையாட்டுக் கழகம், வீட்டுக்கல்விக் குடும்பங்களின் சந்திப்பு என வாரம் இரண்டு முறையாவது வெளியே போகட்டும். பேச்சு ஆங்கிலம் எந்தச் செயலியிலும் இவ்வளவு வேகமாக வராது.

எந்த வழியானாலும் பதிவேடு வையுங்கள். நாள், செய்தது, எந்தப் பாடத்துக்குப் பொருந்தும், எத்தனை நிமிடம், சான்று (படம், தாள், கோப்பு) என ஐந்து நிரல்கள் போதும். அன்றன்று எழுதினால் ஐந்து நிமிடம். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும், அதிகாரி கேட்கும்போது பதற்றம் வரும். பிள்ளை மறுபடி பள்ளியில் சேர்ந்தால் எந்த வகுப்பு என்று முடிவு செய்யவும் இதுவே உதவும்.

தமிழைத் தனிப் பாடமாக மட்டும் வைத்தால் இரண்டு ஆண்டில் தேய்ந்துவிடும். தமிழில் வேறு எதையாவது கற்கவைத்தால்தான் தங்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பி.டி.எஃப் வடிவில் இலவசம். இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்வழிப் பாடங்கள் உண்டு. மகன் அந்த மின்சுற்றுப் பாடத்தை இவற்றில் ஒருமுறை தமிழில் படிக்கட்டும். மகளுக்கு ஸ்டோரிவீவர்: நான்கு வாசிப்பு நிலைகள், ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்துப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகம். ஊரிலிருந்து நடக்கும் நேரலைத் தமிழ் வகுப்பில் சேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டொரன்டோவில் குளிர்காலத்தில் காலை 7.30க்கு வரும் வகுப்பு, மார்ச்சில் 8.30 ஆகிவிடும்.

கல்லூரிக் கேள்விக்குப் பின்னாலிருந்து முன்னால் திட்டமிடுங்கள். பிரிட்டிஷ் வழி என்றால் பள்ளியில் சேராத தனித் தேர்வராக, கேம்பிரிட்ஜ் அல்லது பியர்சன் எட்எக்செல் தேர்வு வாரியத்தின் ஐ.ஜி.சி.எஸ்.ஈ (16 வயதையொட்டிப் பாடவாரியாக எழுதும் பன்னாட்டுத் தேர்வு) எழுதலாம். உள்நாட்டு ஜி.சி.எஸ்.ஈயைவிட இது வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு ஏற்றது. கேம்பிரிட்ஜ் அறிவியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத்தாள் ஒன்றை எடுக்கலாம், எட்எக்செலில் முழுக்க எழுத்துத் தேர்வுதான். தனித் தேர்வரை ஏற்கும் மையத்தைத் தேடுவதே கடினம். மே-ஜூன் தேர்வுக்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே தொலைபேசியில் கேட்கத் தொடங்குங்கள். பாடத்தின் குறியீட்டு எண்ணை மையத்தோடு உறுதி செய்த பிறகே பாடநூல் வாங்குங்கள். அமெரிக்க வழி என்றால், கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வுக்கு நீங்களே பதியலாம். மே மாதம் நடக்கும் ஏ.பி தேர்வுக்கு (கல்லூரி நிலைப் பாடங்களில் பள்ளி மாணவர் எழுதுவது) முந்தைய நவம்பருக்குள் ஒரு பள்ளி உங்கள் பிள்ளையையும் பதிந்துகொள்ளச் சம்மதிக்க வேண்டும்.

பதியும்போது பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் கொடுங்கள். நம் பெயர்களில் தந்தை பெயர் சில இடத்தில் முதலெழுத்தாக, சில இடத்தில் குடும்பப் பெயராக நிற்கும். ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் ஒன்றுமாகப் போனால் சான்றிதழைத் திருத்தக் கட்டணமும் மாதங்களும் ஆகும். கான் அகாடமி கணக்கு முதல் நூலக அட்டை, பதிவேடு, தேர்வு விண்ணப்பம் வரை இன்றைக்கே ஒரே வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள்.