ஆடுகள சந்தேகங்கள்: கோல் கணக்கை வைத்து சென்டரை எடை போடலாமா?

கே: வட அமெரிக்காவின் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீக்கைக் காலையில் தவறாமல் பார்க்கிறேன். எனக்குப் பிடித்த சென்டருக்கு (நடு ஃபார்வர்டுக்கு) ப்ளஸ்-மைனஸ் கணக்கில் மைனஸ் 9. தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர் என்று வர்ணனையாளர்கள் அவரைத்தான் சொல்கிறார்கள். எதை நம்புவது?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: ப்ளஸ்-மைனஸை நம்பாதீர்கள். அவர் களத்தில் நிற்கும்போது தன் அணி கோல் போட்டால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். பவர் ப்ளே கோல், அதாவது எதிரணி வீரர் தண்டனையில் வெளியேறி ஆள் குறைந்திருக்கும்போது போடும் கோல், இதில் சேராது. கூடுதல் தாக்குதல் வீரருக்காகக் கோலியை (கோல்கீப்பரை) வெளியே எடுத்த பிறகு காலி வலையில் விழும் கோல் சேரும். பின்தங்கிய அணி அந்தக் கடைசி நிமிடத்தில் இறக்குவது நல்ல சென்டரைத்தான் என்பதால், மைனஸும் அவர் தலையில்தான் விழும்.

அவர் நிற்கும்போது எதிரணிக்கு எப்படிப்பட்ட ஷாட் கிடைக்கிறது என்று பாருங்கள். தூரம், கோணம், ரீபவுண்டா என்பதை வைத்து ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கணித்துக் கூட்டுவதுதான் எக்ஸ்ஜி. நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் தளத்தில் ஐவருக்கு ஐவர் ஆட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும்.

ஒரு பேச்சுக்கு, அவர் 1,000 நிமிடம் ஆடி, எதிரணியின் எக்ஸ்ஜி 36 என்று வையுங்கள். 60-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் மணிக்கு 2.16. அவர் இல்லாத நேரத்தில் அதே அணிக்கு 2.60 என்றால், மனிதர் நன்றாகவே தடுக்கிறார். ஆனால் உண்மையில் 480 ஷாட்டில் 46 கோல் விழுந்திருந்தால்? கோலி தடுத்தது 90.4 சதவீதம்தான். கூடுதலாக விழுந்த அந்த 10 கோலில் பெரும்பங்கு கோலியையும் அதிர்ஷ்டத்தையும் சேர்ந்தது. சென்டர் மேல் பழி போடக் கூடாது.

அடுத்து, யாரை எதிர்த்து ஆடினார் என்று பார்க்க வேண்டும். ஆட்டம் நிற்கும்போது, கடைசியாக ஆள் மாற்றும் உரிமை சொந்த மைதான அணிக்கு உண்டு. அதனால் எதிரணியின் முதல் வரிசைக்கு (சிறந்த ஃபார்வர்டுகளுக்கு) எதிராக அவரை இறக்குவது சொந்த மைதானத்தில் பயிற்சியாளருக்குச் சுலபம். உள்ளூர், வெளியூர் எண்களைத் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். கூடவே ஆடும் டிஃபென்ஸ் ஜோடி யார் என்பதும் எண்ணை நிறையவே மாற்றும். பத்து, பதினைந்து ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். ஒரு சீசனாவது வேண்டும்.

கே: ஃபேஸ்-ஆஃப் (இருவருக்கு நடுவே நடுவர் தட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) ஜெயிப்பவர்தானே நல்ல தடுப்பு சென்டர்?
- வாசகி, நெல்லிக்குப்பம்

ப: அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஓர் ஆட்டத்தில் 20 ஃபேஸ்-ஆஃப் எடுப்பவர் 50 சதவீதத்திலிருந்து 55-க்கு முன்னேறினால், கூடுதலாக ஜெயிப்பது ஒன்றே ஒன்று. சிறந்த தடுப்பு ஃபார்வர்டுக்கான செல்கி கோப்பையை ஆறு முறை வென்ற பாஸ்டன் அணியின் முன்னாள் சென்டர் பட்ரிஸ் பெர்ஜரான் (2023-இல் ஓய்வு பெற்றார்) ஃபேஸ்-ஆஃபிலும் வல்லவராக இருந்தார். அந்தப் பெயருக்குப் பெரிய காரணம், அவர் நிற்கும்போது எதிரணிக்கு நல்ல ஷாட் கிடைக்காததுதான்.

கே: எங்கள் பள்ளி ஹாக்கி அணியின் சென்டர் ஹாஃபை இப்படி அளக்க முடியுமா?
- உடற்கல்வி ஆசிரியர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: தாராளமாக. இரண்டு மாணவர்கள், ஒரு ஸ்டாப்வாட்ச், டி வட்டம் வரைந்த தாள் போதும். எதிரணி பந்தோடு வட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் நுழைந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஷாட் ஆனால் சுழியுங்கள், பெனால்டி கார்னர் ஆனால் குறுக்குக் கோடு. அப்போது சென்டர் ஹாஃப் களத்தில் இருந்தால் நீலம், வெளியே இருந்தால் சிவப்பு. அவர் பொறுப்பு நடுப்பாதை. ஓரத்தில் விழும் புள்ளிகளை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது, அவர் ஆடிய நேரத்தைக் குறிப்பதில்தான். பந்தையே பார்த்துக்கொண்டு, ஆள் மாறிய நேரத்தைக் குறிக்க மறந்துவிடுவார்கள். அதனால் ஒரு மாணவருக்கு அந்த வேலை மட்டும் கொடுங்கள். நான்கு குவார்ட்டரும் சென்டர் ஹாஃபே ஆடினால் ஒப்பிட சிவப்புப் புள்ளியே இருக்காது. பயிற்சி ஆட்டங்களில் ஒரு குவார்ட்டர் அவரை உட்கார வையுங்கள்.