முன்னால் சரி, முதுகில் ஏறுகிறது

கேள்வி: எனக்கு 26 வயது. முதல் குழந்தை பிறந்து பத்து வாரம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே 32 பி சைஸ் போட்டுவந்தேன். ஒன்பதாம் மாதத்தில் வேலூர் லாங் பஜாரில் 36 சைஸ் ஃபீடிங் பிரா இரண்டு வாங்கினோம். கப் பொருந்துகிறது. ஆனால் கடைசி ஹூக்கில் மாட்டினாலும் முதுகுப்பக்கம் மேலே ஏறிக்கொள்கிறது, தோளில் ஸ்ட்ராப் பதிந்து வலிக்கிறது. அவசரத்துக்குக் கிளிப்பைக் கழற்றாமல் பிராவை அப்படியே மேலே தூக்கிவிட்டுத்தான் பால் கொடுக்கிறேன். போன வாரம் இடது பக்கம் மேலே கட்டி மாதிரி ஒன்று வந்து, இரண்டு நாளில் கரைந்தது. "இறுக்கமா பாடி போடு, இல்லன்னா தொங்கிப்போயிடும்" என்கிறார் மாமியார். வைகாசிக் கடைசியில் ஆரணியில் தம்பி கல்யாணம். பட்டுப்புடவைக்குள் இந்தப் பிராவைப் போட்டால் ஜாக்கெட் உப்பலாகத் தெரிகிறது. பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், பாலும் கொடுக்க வேண்டும். டேப்பில் அளந்தேன்: மார்புக்குக் கீழே 29 அங்குலம், மார்பின் மேல் 36. எந்த சைஸ், எந்த மாடல் வாங்குவது? கடையில் ஆண்கள் இருப்பதால் விவரமாகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி

பதில்: அளந்து எழுதினீர்களே, அது பெரிய உதவி. அந்த இரண்டு எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. உங்களுக்கு இப்போது வேண்டியது 34 சி.

"29 அளந்தவளுக்கு 34 எப்படி?" என்று தோன்றும். லேபிளில் இருக்கும் 34 டேப்பில் வரும் அங்குலம் இல்லை. மார்புக்குக் கீழே 73 முதல் 77 செ.மீ. சுற்றளவு உள்ளவர்களுக்கான பட்டைக்கு வைத்த பெயர்தான் 34. 68 முதல் 72 வரை 32, 78 முதல் 82 வரை 36. உங்கள் 29 அங்குலம் ஏறத்தாழ 74 செ.மீ. மார்பின் மேல் 36 அங்குலம் என்பது 91 செ.மீ.க்குச் சற்று மேலே. இரண்டுக்கும் வித்தியாசம் 17, 18 செ.மீ. பெரும்பாலான கம்பெனிகளின் அட்டவணையில் அது சி கப்பில் வரும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால், பெட்டியில் உள்ள அட்டவணையில் செ.மீ. கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நீங்கள் வைத்திருப்பதில் கப் எழுத்தே போட்டிருக்காது என்று நினைக்கிறேன். எழுத்து இல்லாமல் விற்பது பெரும்பாலும் பி கப். 36 பி-யும் 34 சி-யும் கப் கொள்ளளவில் ஒன்றுதான். அதனால்தான் முன்னால் சரியாக இருக்கிறது, பின்னால் பட்டை மட்டும் தொளதொளக்கிறது. மார்பின் எடையைத் தாங்க வேண்டியது கீழ்ப்பட்டை. அது தளர்ந்து முதுகில் ஏறினால் பாரம் முழுவதும் ஸ்ட்ராப்பில் இறங்குகிறது. தோள் வலி அங்கிருந்து வருவது. ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்கினால் பட்டை இன்னும் மேலே ஏறும், வலியும் கூடும்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. ஒன்பதாம் மாதத்தில் விலா எலும்புக்கூடு விரிந்திருக்கும், அப்போது 36 சரியாகவே தெரிந்திருக்கும். பிரசவத்துக்குப் பிறகு அது சுருங்குகிறது. கர்ப்பத்தின் கடைசியில் வாங்குபவர்கள் மிகத் தளர்வான ஹூக்கில் பொருந்துவதாகப் பார்த்து எடுக்க வேண்டும், உள்வரிசைகள் பிறகு கைகொடுக்கும். நீங்கள் வாங்கியது அன்றைக்கே உள்வரிசையில்தான் நின்றிருக்க வேண்டும்.

அந்தக் கட்டி விஷயத்துக்கு வருவோம். பட்டையை மேலே தூக்கிவிட்டுப் பால் கொடுக்கும்போது, கீழே இருக்க வேண்டிய எலாஸ்டிக் மார்பின் மேல் பாதியில் கயிறு போல உட்கார்ந்துகொள்கிறது. அது அழுத்துகிற இடத்தில் பால் சரியாக இறங்காமல் தேங்கும். உங்களுக்குக் கட்டி வந்த இடமும் மேல்பக்கமே. இன்றிலிருந்தே அந்தப் பழக்கத்தை விடுங்கள். புது பிரா வரும்வரை பின் ஹூக்கைக் கழற்றிவிட்டாவது கொடுங்கள். மறுபடி கட்டி வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அழுத்தித் தேய்க்காமல், துணியில் சுற்றிய ஐஸைக் கொஞ்ச நேரம் வையுங்கள். தோல் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்தால் அது மார்பு அழற்சி. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பிரசவம் பார்த்த இடமோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியோ, சி.எம்.சி.யோ, எது பக்கமோ அங்கே.

இறுக்கமான பாடியும் இதே வேலையைத்தான் செய்யும். மாமியார் அக்கறையில் சொல்கிறார். ஆனால் மார்பு தளர்வதற்குக் காரணம் வயது, எத்தனை முறை கர்ப்பமானோம் என்பது, உடல் எடை ஏறி இறங்குவது, புகைப்பழக்கம் இவைதான். பால் கொடுப்பதாலோ, தளர்வாகப் போடுவதாலோ அது வருவதில்லை. இரவில் பிரா போட்டே ஆக வேண்டும் என்பதும் கிடையாது. பால் கசிவதால் பேட் நிற்க ஏதாவது வேண்டுமென்றால், ஹூக் இல்லாத, முன்னால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வரும் பனியன் துணி மாடல் போதும். வயிற்றுக்குத் துணி கட்டும் பழக்கம் வீட்டில் இருந்தால், கட்டின் மேல் விளிம்பு பிராவின் பட்டையோடு மோதாமல் நாலு விரல் கீழேயே நிற்கட்டும்.

இனி மாடல். கிளிப் வைத்தது, கம்பி இல்லாதது, பின்னால் நாலு வரிசை ஹூக் உள்ளது என்று கேளுங்கள். ஸ்ட்ராப் அரை அங்குலத்துக்குக் குறையாமல் அகலமாக இருக்கட்டும். கப்பைத் திறந்து உள்ளே பாருங்கள். இதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. சிலவற்றில் கப் இறங்கியதும் மார்பைச் சுற்றி ஒரு துணி வளையம் இருக்கும். அந்த ஓட்டை சிறியதாக இருந்தால் விளிம்பு மார்பைக் கவ்விப்பிடிக்கும், உங்களுக்கு இப்போது நடப்பது போலவே அழுத்தும். வளையம் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் மட்டும் ஒரு பட்டை இருந்து கப் முழுவதும் கீழே இறங்க வேண்டும். முன்பக்கம் ஜிப் வைத்தவை வீட்டுக்குப் பரவாயில்லை. ஆனால் ஒரு பக்கம் கொடுக்க இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும், கல்யாண மண்டபத்தில் அது சரிப்படாது.

கிளிப்பை ஒரு கையால் திறந்து, அதே கையால் மூட வருகிறதா? திறப்பது எல்லாவற்றிலும் வரும். மூடுவதில்தான் சிக்கல். ஒரு கையில் கைப்பையைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு மறு கையால் மூடிப் பாருங்கள். போட்டுப் பார்க்கும் வசதி இருந்தால் இன்னும் மூன்று சோதனை: வெளிவரிசை ஹூக்கில் மாட்டிப் பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், கையைத் தூக்கினால் பட்டை மேலே வரக்கூடாது, குனிந்தால் கப்பின் மேலே மார்பு பிதுங்கக்கூடாது. உள்வரிசை ஹூக்குகள் எலாஸ்டிக் தளர்ந்த பிறகு தேவைப்படும், முதல் நாளே அவற்றைப் பயன்படுத்தும்படி ஆனால் சைஸ் பெரியது. மார்பு நிரம்பியிருக்கும்போதும், பால் கொடுத்த கையோடும் போட்டுப் பார்க்காதீர்கள். கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் அளவு நடுவில் நிற்கும்.

கூச்சத்துக்கு எளிய வழி துண்டுச்சீட்டு. "34 சி, ஃபீடிங் பிரா, கிளிப் மாடல், கம்பி வேண்டாம், பனியன் துணி, தோல் நிறம் 1" என்று எழுதி நீட்டினால் அதற்குமேல் பேச வேண்டியதில்லை. பெண்கள் கவனிக்கும் உள்ளாடைக் கடைகளும் ஊரில் இருக்கின்றன. கூட்டம் குறைந்த வார நாள் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். உள்ளாடையை மாற்றித் தர மாட்டார்கள் என்பதால் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். மொத்தம் மூன்று வேண்டும்: உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, கசிந்தால் மாற்ற ஒன்று.

துணியைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் ஸ்பாஞ்ச் வைத்த கப் வியர்வையையும் பாலையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஈரத்திலேயே இருக்கும் காம்பு வெடிக்கும், பூஞ்சைத் தொற்றும் வரும். தினசரிக்கு 90 சதவீதத்துக்கு மேல் பருத்தி, மீதி எலாஸ்டேன் என்று லேபிளில் இருப்பதை எடுங்கள். நூறு சதவீதப் பருத்தி இரண்டே மாதத்தில் தொய்ந்துவிடும், கொஞ்சம் இழுவை தேவை.

பேட் வீட்டிலேயே தைக்கலாம். நைந்து மிருதுவான பழைய வேட்டியை 12 செ.மீ. வட்டமாக வெட்டி நாலு அடுக்கு, நடுவில் டர்க்கி டவல் துணி ஒன்று, ஓரத்தில் ஒரு தையல். நாளைக்கு எட்டு, பத்து தேவைப்படும். பிளாஸ்டிக் அடி வைத்தவை புடவையைக் காப்பாற்றும், தோலைக் காப்பாற்றாது, வெளியே போகும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பேட் காம்பில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், ஆறவைத்த வெந்நீரில் நனைத்து எடுங்கள்.

பால் கறையில் முதலில் பச்சைத் தண்ணீர்தான் படவேண்டும். சுடுதண்ணீரில் போட்டால் புரதம் துணியில் உறைந்து மஞ்சளாக நின்றுவிடும். பிராவை நிழலில் காயப்போடுங்கள், நம்மூர் வெயிலுக்கு எலாஸ்டிக் சீக்கிரம் செத்துப்போகும். பேட்டை மட்டும் நல்ல வெயிலில் போடலாம். துணியை மென்மையாக்கும் திரவம் எதிலும் வேண்டாம், பேட் பிறகு பாலை உறிஞ்சாது.

அழகு என்று கேட்டதற்கு எதற்குத் தயங்கி எழுதியிருக்கிறீர்கள்? ஃபீடிங் பிரா என்றால் வெளுத்த வெள்ளையில்தான் இருக்க வேண்டுமா என்ன? லேஸ் பிடிக்குமென்றால் கப்பின் மேல் விளிம்பிலும் ஸ்ட்ராப்பிலும் வைத்ததை எடுங்கள். காம்பு படும் இடம் வழவழப்பாக, தையல் இல்லாமல் இருக்கட்டும், உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். மெரூன், கருநீலம், சிறு பூப்போட்டது எல்லாவற்றிலும் கறை தெரியாது. வெளிர் நிற ஜாக்கெட்டுக்குள் வெள்ளை பிரா பளிச்சென்று தெரியும், உங்கள் தோல் நிறத்துக்கு நெருக்கமானது தெரியாது.

கல்யாணத்துக்கென்று தனியாக ஒன்று: தையல் இல்லாமல் வார்த்த மெல்லிய கப், கம்பி இல்லை, ஸ்ட்ராப்பில் தட்டையான கிளிப். இதில் மட்டும் பருத்தி விகிதம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு நாள்தானே. வார்த்த கப் பேட்டின் வட்ட விளிம்பை மறைத்துவிடும். ஜாக்கெட் உப்பலாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்த விளிம்பு, மீதி தளர்ந்த பட்டை.

ஜாக்கெட்டுக்கு டெய்லரிடம் சொல்ல வேண்டியவை: முன் ஹூக், பருத்தி லைனிங், இரண்டு பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் துணி உள்ளே விடவேண்டும். ஹூக்கைக் கீழிருந்து இரண்டு, மூன்று கழற்றினாலே பால் கொடுக்க இடம் வரும்படி உயரம் வைக்கச் சொல்லுங்கள், மேல் ஹூக் மாட்டியபடியே இருந்தால் முந்தானைக்குள் எதுவும் தெரியாது. பிரின்சஸ் கட் தைப்பவரானால் அந்த வளைவுத் தையலிலேயே மறைவாக ஜிப் வைத்துத் தருவார். கழுத்தை மிக அகலமாக வெட்டவிடாதீர்கள், ஃபீடிங் பிராவின் ஸ்ட்ராப் அகலம், கிளிப்போடு வெளியே எட்டிப்பார்க்கும். உட்பக்கம் இரண்டு தோளிலும் ஸ்ட்ராப்பைப் பிடிக்கச் சின்ன நாடாவும் டிச் பட்டனும் வைக்கச் சொன்னால் நகராது.

பட்டில் பால் பட்டால் தண்ணீர்க்கறை போலத் திட்டாகும். மண்டபத்தில் குழந்தை யாருடையது அழுதாலும் உங்களுக்குப் பால் சுரக்கும். அந்த நேரம் கைகளைக் குறுக்கே கட்டி, உள்ளங்கையால் மார்பை நேராக உள்நோக்கி ஒரு நிமிடம் அழுத்தினால் கசிவு நிற்கும். எப்போதாவது செய்யலாம், வழக்கமாக்க வேண்டாம். முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் பால் கொடுத்து, புது பேட் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பஸ்ஸில் ஆரணிக்குப் போவதானால், பஸ் நிலையங்களில் 2015 முதல் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறந்திருக்கிறார்கள், கிளம்பும் முன் அங்கே ஒருமுறை கொடுத்துவிடலாம்.

இந்த அளவு நிலையாக நிற்காது. குழந்தைக்கு ஆறு மாதமாகி இட்லியும் பருப்புச் சாதமும் ஆரம்பித்தபின் மார்பு கொஞ்சம் இளகும், அப்போது மறுபடி அளக்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போகும்போது பழைய அளவு ஜாக்கெட்டை நீட்டாமல், கல்யாணத்துக்குப் போடப்போகும் பிராவையும் அதற்குள் இரண்டு பேட்டையும் போட்டுக்கொண்டு போய் நில்லுங்கள்.