காய்ச்சல் இல்லாமல் நிமோனியா வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. போன மாதம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, எந்நேரமும் தூக்கம், பேச்சில் தடுமாற்றம். தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. வயதாகிவிட்டது, அதனால்தான் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். இப்போது தேறிவிட்டார். காய்ச்சலே வராதது ஏன்? எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட மாத்திரை உண்டா? எதிர்ப்புச் சக்தி குறைந்துபோன இந்த வயதில் தடுப்பூசி போட்டு என்ன பயன்?

பதில்: முதலில், உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். முதியோர் மருத்துவத்தில் இருக்கும் எங்களிடம் நிறைய பேர் இப்படித்தான் வந்து சேர்கிறார்கள். இருமலும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்வார், அல்லது நடக்கும்போது விழுவார்.

கிருமியைக் கண்டதும் வெள்ளை அணுக்கள் சில ரசாயனங்களைச் சுரந்து மூளைக்குத் தகவல் அனுப்பும். மூளை உடல் சூட்டை ஏற்றும். வயதானவர்களுக்கு அந்தத் தகவலும் மந்தம், மூளையின் பதிலும் மந்தம். கடும் தொற்று வந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் வராது, வந்தாலும் லேசாகத்தான் இருக்கும். இயல்பான சூடே அவர்களுக்குச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். அம்மா நன்றாக இருக்கும் நாட்களில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து அந்த அளவைக் குறித்துவையுங்கள். அதைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அது காய்ச்சல்தான், எண் 99 என்று காட்டினாலும் சரி. திடீர்க் குழப்பம் வந்தால் தெர்மாமீட்டருக்காகவும் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

சரி, எதிர்ப்புச் சக்தி குறைகிறதா? மாறுகிறது என்பேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் எனும் வெள்ளை அணுக்கள் பக்குவப்படும் இடம் அது. அதன் வேலை என்னவென்று 1961-ல்தான் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். இந்தச் சுரப்பி சிறு வயதிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடுகிறது. எனவே புது டி செல்களின் வரத்து குறைகிறது. முன்பு வந்துபோன கிருமிகளை ஞாபகம் வைத்திருக்கும் பழைய செல்களே அதிகம் இருக்கும். புத்தம்புது வைரஸான கொரோனா முதியவர்களை அவ்வளவு வாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பழைய ஞாபகத்தைக் குறைவாக எடை போடாதீர்கள். 1918 ஃப்ளூ கொள்ளைநோயில் பிழைத்த 32 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. எல்லோருக்கும் 90 வயதுக்கு மேல். குழந்தைப் பருவத்தில் வந்த வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் அப்போதும் அவர்கள் ரத்தத்தில் இருந்தன! படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மாத்திரை விஷயம். வேண்டாம். வயதான உடலில் ஒரு பக்கம் எதிர்ப்பு மந்தமாக இருக்க, இன்னொரு பக்கம் கிருமி எதுவும் இல்லாமலே லேசான அழற்சி (எதிர்ப்புச் சக்தி தேவையில்லாமல் தூண்டப்பட்ட நிலை) ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒருசேரச் சீராக்கும் மாத்திரை இன்னும் வரவில்லை.

தடுப்பூசிக்கு அவசியம் உண்டு. எதிர்ப்பு மந்தமாக இருப்பதைக் கணக்கில் வைத்தே முதியவர்களுக்கென்று தனி ஊசிகள் வந்திருக்கின்றன. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஒரு ஃப்ளூ ஊசியில் மருந்துப்பொருள் நான்கு மடங்கு. சாதாரண ஊசி போட்டவர்களைவிட இதைப் போட்டவர்களுக்கு ஃப்ளூ 24 சதவீதம் குறைவாக வந்தது. எதிர்ப்பைத் தூண்டிவிடும் பொருள் சேர்த்த அக்கி ஊசி, ஆய்வில் 70 தாண்டியவர்களிடமும் 90 சதவீத அளவுக்குப் பலன் தந்தது. அம்மா முழுசாகத் தேறியதும் நிமோனியா, ஃப்ளூ, அக்கி மூன்று ஊசிகளைப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்பை மட்டுப்படுத்தும் ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.