வீட்டில் சொல் விளையாட்டு: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகளுடன் சொல் அந்தாதி (ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் ஆட்டம்) விளையாடுகிறோம். ‘வாழை’ என்றதும் ‘ழை’யில் நின்றுவிடுகிறது.

பதில்: எல்லா வீட்டிலும் அங்கேதான் நிற்கும். ட, ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை, மெய்யெழுத்திலும் தொடங்காது. எங்கள் வீட்டு விதி இது: அப்படி முடிந்தால் உள்ளே இருக்கும் உயிரை எடுத்துக்கொள்ளலாம். ‘வாழை’க்கு ‘ஐந்து’, ‘வீடு’க்கு ‘உப்பு’. மெய்யில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்து: ‘பால்’, பிறகு ‘பாட்டி’. ஐகாரச் சொற்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது அகரத்தை அனுமதியுங்கள். ழ் + ஐ என்று பிரிக்கும் பழக்கம் ஆட்டத்திலேயே வந்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

கேள்வி: ‘கண்று’, ‘பன்து’ என்றெல்லாம் மகன் எழுதுகிறான். எத்தனை முறை திருத்துவது?

பதில்: திருத்துவதை நிறுத்திவிட்டு, ஒரு பழைய செய்தித்தாளையும் மூன்று கிண்ணங்களையும் கொடுங்கள். ண், ந், ன் வரும் சொற்களை வெட்டித் தனித்தனியே போடட்டும். வண்டி, நண்டு, துண்டு ஒன்றில். பந்து, சந்தை, வந்தான் இன்னொன்றில். கன்று, தென்றல், நன்றி மூன்றாவதில். பிறகு, “இந்த எழுத்துக்கு அடுத்து என்ன வருகிறது, பார்” என்று மட்டும் கேளுங்கள். ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன் என்று அவனே சொல்வான். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களை அப்போது சொல்லுங்கள். விதி பெயருக்குள்ளேயே இருக்கிறது. ‘பின்தங்கு’ போன்ற கூட்டுச் சொற்களை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். பனி–பணி, மனம்–மணம் போன்றவற்றுக்கு இந்த விதி உதவாது. சொல்லுக்கு ஒரு படம் வரைந்து அட்டை செய்வதே வழி.

கேள்வி: ழகரம் எழுத்திலும் ளகரமாகிவிடுகிறது.

பதில்: வாயில் பிரியாதது கையில் பிரியாது. ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சறுக்கி வழுக்கி விழுந்தான்’ என்பதைத் தினமும் நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள். பிறகு வலி, வழி, வளி மூன்றையும் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

கேள்வி: கோடு போட்டு எழுத்தை ஊகிக்கும் ஆட்டத்தில் பேரன் சோர்ந்துபோகிறான். நான் தாத்தா, எளிதாக்க முடியுமா?

பதில்: முடியும் ஐயா. 247 எழுத்துகளில் ஒன்றை ஊகிப்பது பெரியவர்களுக்கே கடினம். முதலில் ‘க வரிசையா, ம வரிசையா’ என்று மெய்யைக் கேட்கட்டும். சரியானால் அதன் இடத்தில் எழுதிவையுங்கள். அடுத்து காலா, கொம்பா, கொக்கியா என்று குறியைக் கேட்கட்டும். தவறுக்கு ஒரு புள்ளி, பத்துப் புள்ளி வரை பொறுக்கலாம். அடுத்த சொல்லை அவன் எழுதி வைக்கட்டும், நீங்கள் ஊகியுங்கள்.