முதுமைத் தளர்ச்சி: உடம்பா, மனசா?

"அப்பா நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. இது வயதா, மனச்சோர்வா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல நேரம் இரண்டும் பின்னிக்கொண்டுதான் வரும். மனம் சோர்ந்தால் பசி போகும், நடமாட்டம் குறையும், தொடைத் தசை கரையும். அப்புறம் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாசல்வரை போவதும் நின்றுவிடும். மனம் இன்னும் சுருங்கும்.

2001-இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழு வகுத்த நலிவு (முதுமையில் உடம்பு வலுவிழப்பது) அளவுகோலில் ஐந்து அறிகுறிகள்: தானாக எடை குறைதல், களைப்பு, தளர்ந்த கைப்பிடி, மெதுவான நடை, குறைந்த உடலியக்கம். மூன்று இருந்தால் நலிவு. வேடிக்கை என்னவென்றால், களைப்பை அளக்கும் கேள்விகளே மனச்சோர்வுப் படிவத்திலிருந்து எடுத்தவை!

வயதானவர்கள் "வருத்தம்" என்று சொல்வது அரிது. "உடம்பு முடியல" என்பார்கள். டாக்டரிடம் தைராய்டு, பி12, சாப்பிடும் மாத்திரைகள் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி உடம்பு, மனசு இரண்டுக்கும் உதவும்; முதலில் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.