மீ சன் போனால் டா நாங் அருங்காட்சியகம் வேண்டாமா?

வியட்நாமில் பண்டைய சாம் மக்கள் கட்டிய மீ சன் கோயில்களைப் பார்த்துவிட்டால், டா நாங் நகரிலுள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். மீ சன்னில் இருந்த அருமையான சிற்பங்கள் பலவும் இப்போது இங்கேதான் இருக்கின்றன. 1919இல் திறந்த இடம்.

வெயில் ஏறுமுன் மீ சன் போய்விட்டு, மதியத்துக்கு மேல் இங்கே வாருங்கள். அம்மாவுக்கு முட்டி வலி என்கிறீர்கள். சரி, எல்லா அறைக்கும் அலைய வேண்டாம். மீ சன்னின் ஈ1 என்ற கோயிலிலிருந்து வந்த பீடத்தின் முன் நிதானமாக நில்லுங்கள். ஒரு காலத்தில் லிங்கத்தைத் தாங்கிய மணற்கல் பீடம். சுற்றிலும் முனிவர்களின் அன்றாட வாழ்க்கை: ஒருவர் தியானத்தில் இருக்கிறார், இன்னொருவர் குழல் ஊதுகிறார். எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. அப்புறம் திரா கியூ என்ற ஊரில் கிடைத்த நடனப் பெண் சிற்பம். இடுப்பில் முத்துச்சரம் மணிமணியாகத் தெரியும்.