ஆறாத புண்ணும் வெண்குருதிக் கலங்கள் வீசும் வலையும்

கேள்வி: திருகோணமலையில் கரைவலைத் தொழில் செய்கிறேன். வயது 54, பத்து வருடமாக நீரிழிவு உண்டு. கெளிறு முள்ளுக் குத்திய பாதப் புண் ஆறு வாரமாகியும் ஆறவில்லை. இரத்தக் கலங்கள் வீசும் ஒருவித வலையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவபீடத்தில் படிக்கும் மருமகன் சொல்கிறான். அந்த வலையை அறுக்க மருந்து உண்டா? எதிர்ப்புச் சக்திக்கு ரொனிக் குடிக்கலாமா?

பதில்: உங்கள் மருமகன் சொன்னதில் உண்மை உண்டு. நமது வெண்குருதிக் கலங்களில் பாதிக்கு மேற்பட்டவை நியூட்ரோபில் என்னும் வகையைச் சேர்ந்தவை. கிருமியை விழுங்கிச் செரிப்பதே அவற்றின் தொழில் என்றுதான் நாங்கள் படித்தோம். ஆனால் 2004ஆம் ஆண்டு, பெர்லினிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனமொன்றின் ஆய்வாளர்கள், இக்கலங்கள் தம் கருவுக்குள் சுருண்டிருக்கும் டி.என்.ஏ. இழைகளையே வெளியே விரித்துக் கிருமிகளைச் சிக்கவைக்கின்றன என்று காட்டினார்கள். அந்த இழையெங்கும் ஹிஸ்டோன் புரதமும் எலாஸ்டேஸ் முதலிய நொதியங்களும் ஒட்டியிருப்பதால், அகப்பட்ட கிருமியை அவை தாக்கவும் செய்கின்றன. வலையை வீசிய கலமோ பெரும்பாலும் அத்துடன் மடிந்துவிடுகிறது. கிருமிகளும் சளைத்தவை அல்ல: புண்ணில் சிதல் கட்டச் செய்யும் ஸ்டாஃபிலோகொக்கஸ், டி.என்.ஏ.யை அறுக்கும் நொதியமொன்றைச் சுரந்து வலையைக் கிழித்துக்கொண்டு தப்பிவிடும்.

வேலை முடிந்த வலையை உடல் தன் டி.என்.ஏஸ் நொதியத்தால் அறுத்து, எஞ்சியதைப் பெருவிழுங்கிக் கலங்களைக் கொண்டு அகற்ற வேண்டும். அகற்றப்படாவிட்டால், அறுந்து கற்பாரில் சிக்கிய வலை ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்களே, அதே கதைதான்: கிருமிக்கென வைத்த நொதியங்கள் புதிதாக வளரும் சதையை அரிக்கத் தொடங்கும். இரத்தக் குழாயினுள் தங்கும் வலை உறைகட்டிக்கும் துணைபோகும்.

குருதியில் சீனி கூடியிருக்கும்போது நியூட்ரோபில்கள் சிறு தூண்டலுக்கும் வலையை வீசிவிடுகின்றன. 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், வலை விரிய உதவும் பீ.ஏ.டி.4 என்ற நொதியம் இல்லாத சுண்டெலிகளின் தோற்புண்கள் விரைவாக ஆறின. ஆயினும் அவை சுண்டெலிகள். மனிதரின் பாதப் புண்ணுக்கு இவ்வலையைத் தடுக்கும் மாத்திரை எதுவும் வழக்கமான சிகிச்சையில் இல்லை. டி.என்.ஏ.யை அறுக்கும் டோர்னேஸ் ஆல்ஃபா என்ற மருந்து உண்டு, ஆனால் அது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில் நுரையீரலின் கெட்டிச் சளியை இளக்க உள்ளிழுக்கப்படுவது. ரொனிக்கை விட்டுவிடுங்கள், உங்கள் புண்ணுக்கு வேண்டியது மேலும் தூண்டிவிடப்பட்ட கலங்களல்ல, கட்டுப்பட்ட சீனி.

புண்ணின் மேல் மஞ்சளாக, வழுவழுப்பாகப் படிந்திருக்கும் படலத்தைப் பார்த்திருப்பீர்கள். இறந்த சதையோடும் மடிந்த நியூட்ரோபில்களோடும் அவை விட்டுச்சென்ற டி.என்.ஏ. இழைகளும் அதில் கலந்திருக்கும். ஆகவே மருந்து கட்டும் இடத்தில் அதைச் சுரண்டி எடுக்கும்போது, நோகிறதென்று தடுக்காதீர்கள். இன்றைக்கு வலையை அகற்ற நம்மிடமுள்ள நேரான வழி அதுதான், வீட்டில் பிளேட்டால் செய்யத்தக்கதும் அன்று. முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா, எலும்புக்குத் தொற்று இறங்கியிருக்கிறதா, பாதத்துக்கு இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்பவற்றை எக்ஸ்-ரேயும் நாடிப் பரிசோதனையும் செய்து பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். அந்தக் காலில் பாரம் ஏற்றாதீர்கள். வலை இழுப்பதைச் சில வாரங்களுக்கு வேறொருவரிடம் விடத்தான் வேண்டும்.

கடல் தண்ணீரில் கழுவினால் புண் காயும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அதை நம்பிக் கழுவாதீர்கள். வெதுவெதுப்பான கடலிலும் களப்பிலும் வாழும் விப்ரியோ கிருமிகளுள் ஒருவகை, நீரிழிவு அல்லது ஈரல் நோய் உள்ளவரின் புண்ணுக்குள் புகுந்தால் சில மணித்தியாலங்களிலேயே சதையை அழித்துவிடக்கூடியது. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோல் கறுத்துக் கொப்புளித்தாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராமல், இரவென்றாலும் அப்போதே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.